வேலியடித் தண்ணீர்

வேலியில் படர்ந்த புடலங்கொடியின் இலைகள் மறுபடியும் மஞ்சளாகியிருந்தன. முத்துக்குமாரு வாளியைக் கீழே வைத்துவிட்டு, எங்கே பிழை விட்டோம் என்று யோசித்தார். தண்ணீர் விட்டால் செடி வளரும் என்பதற்கு மேல் அவருக்குத் தோட்டம் தெரியாது. வாலிபம் முழுவதும் தென்னிலங்கையில், காலி நகரத்தில் சுருட்டுக்கடை வைத்திருந்த மனிதர், யுத்தம் தொடங்கிய பிறகுதான் ஊரோடு வந்து சேர்ந்தார்.

அவர் மனைவி மகாதேவி, தமக்கையின் மகளுக்குப் பிள்ளைப்பேறு என்று நெல்லியடிக்குப் போயிருந்தாள். வாசல் படலையைத் தாண்டும்போது திரும்பி நின்று சொல்லிவிட்டுப் போனாள்.

“வேலியடியிலை ஈரம் காயக்கூடாது. இலை பழுத்தாலும் தண்ணியை நிப்பாட்டாதேங்கோ. கொடி பட்டுப்போச்செண்டு கேள்விப்பட்டால் நான் அங்கையே இருந்திடுவன்.”

மகாதேவி சொன்னால் செய்கிறவள். அவள் போனதிலிருந்து வீட்டில் சோறு அடிப்பிடித்தது, குழம்பு உப்புக் கரித்தது. கொடி பிழைத்தால்தான் முத்துக்குமாருவுக்கும் பிழைப்பு.

சித்திரை வெயில் மண்டையைப் பிளந்தது. கிணற்றுத் துலாக்கயிறு உள்ளங்கையை உரிக்க உரிக்க அள்ளி ஊற்றினார். இலை இன்னும் பழுத்தது. வெயில்தான் காரணம் என்று தீர்மானித்து, தென்னோலைக் கிடுகுகளை நனைத்து வேலி நீளத்துக்கும் தொங்கவிட்டார். இப்போது பிஞ்சுகளும் அழுகி விழுந்தன.

பிறகுதான் அவருக்கு இளையதம்பியின் மேல் சந்தேகம் வந்தது. வேலிக்கு அந்தப் பக்கத்து வளவுக்காரர். எல்லை ஒரு முழம் தள்ளிவிட்டதென்று இரண்டு ஆண்களும் சண்டை பிடித்து, பேச்சை விட்டு, இரு வீட்டுப் பெண்களும் புகுந்து போய்வந்த வேலி இடைவெளியான பொட்டையும் அடைத்து, மாசியில்தான் அந்தப் புது வேலியைப் போட்டிருந்தார்கள். வேலிக்கு நட்ட கதியால் தடிகள் இன்னும் வேர்விடவில்லை.

காது கொடுத்துக் கேட்டார். அந்தப் பக்கத்திலும் ஏதோ ஊற்றும் சத்தம். உப்புத் தண்ணீர்தான், வேறென்ன? உப்பைக் கழுவுவதற்கு இன்னும் தண்ணீர் வேண்டுமே. வேலியோரமாக முழங்கால் ஆழத்துக்கு வாய்க்கால் வெட்டி, வாய் வரைக்கும் நிரப்பினார்.

வேலி மெல்ல முனகியது. பிறகு கதியால், கிடுகு, கொடி எல்லாமாக இளையதம்பியின் வளவுக்குள் படுத்துக்கொண்டது.

அங்கே இளையதம்பி முழங்கால் வரைக்கும் சேறும் கையில் வாளியுமாக நின்றார். மாசிக்குப் பிறகு முதல் தடவையாக முத்துக்குமாரு வாய் திறந்தார்.

“நீர் என்ரை கொடிக்கு என்னத்தை ஊத்தினீர்?”

“உம்மடை கொடிக்கு நான் ஏன் ஊத்திறன்? என்ரை பாவக்காய்க் கொடிக்கு ஊத்தினனான். இலை பழுத்தாலும் நிப்பாட்டவேண்டாமெண்டு மனுசி சொன்னவள்.”

இருவரும் ஒருவர் வாளியை ஒருவர் பார்த்தார்கள். ஒன்றும் விளங்கவில்லை. முத்துக்குமாருவுக்கு அழுகையே வந்துவிட்டது. கொடியும் போய்விட்டது, இனி மகாதேவி வரப்போவதில்லை என்று எதிரியிடமே சொல்லிப் புலம்பினார்.

இளையதம்பியின் மனைவி இராசமலர் குசினியிலிருந்து கை துடைத்துக்கொண்டு வந்தாள். விழுந்து கிடந்த வேலியை இந்தத் தலைப்பிலிருந்து அந்தத் தலைப்பு வரைக்கும் ஆறுதலாகப் பார்த்தாள்.

“அண்ணை, நெல்லியடிக்கு ஒரு ஆளை விடுங்கோ. வேலி விழுந்திட்டுதெண்டு மட்டும் சொன்னால் காணும், அக்கா வந்திடுவா.”