என் ஃபெரிட்டின் அறுநூற்று நாற்பது

புரியாத தாளை வைத்துக்கொண்டு பெருமை பேசுவதில் என்னை மிஞ்ச ஆள் கிடையாது. இதை ஒப்புக்கொள்ளவே எனக்கு ஐம்பது வயதாக வேண்டியிருந்தது.

பாண்டிச்சேரி தட்டாஞ்சாவடியில் ஒரு பிஸ்கட் கம்பெனியில் நான் பேக்கிங் பிரிவு சூப்பர்வைசர். எனக்குக் கீழே முப்பது பெண்கள். இரண்டு வருடத்துக்கு முன்னால் எங்கள் எல்லோருக்கும் ரத்தப் பரிசோதனை செய்தார்கள். ரிப்போர்ட் வந்த அன்று பிரிவே வாடிப்போயிருந்தது. பாதிப் பேருக்கு ரத்தம் குறைவு, இரும்புச்சத்து குறைவு. என் தாளில் மட்டும் ‘ஃபெரிட்டின்’ என்ற வரியில் அறுநூற்று நாற்பது என்று தடித்த எழுத்தில் இருந்தது. பக்கத்தில் மேலே பார்த்த ஓர் அம்புக்குறி. நூற்றைம்பதுக்குள் இருந்தாலே போதுமாம். (நாலு பேருக்கான இரும்பு என் ஒருத்தியிடமே இருக்கிறது என்று கணக்குப் போட்டேன். கணக்கில் நான் தப்பு விடமாட்டேன்.)

செல்போனில் தேடினேன். ‘உடலில் இரும்பைச் சேமித்து வைக்கும் புரதம்’ என்று முதல் வரி சொன்னது. அது போதும் என்று மூடிவிட்டேன். இரண்டாவது வரியைப் படித்திருந்தால் இந்தக் கட்டுரைக்கே அவசியம் இருந்திருக்காது.

முத்தியால்பேட்டை வீட்டில் என் கணவரிடம் தாளைக் காட்டினேன்.

“அம்புக்குறி எதுக்குப் போட்டிருக்கான்?” என்றார்.

“மொத ரேங்க்னா அப்படித்தான் போடுவாங்க.”

“எதுக்கும் ஒரு டாக்டராண்ட காட்டிடு.”

“நல்லா இருக்கறவ எதுக்கு டாக்டரப் பாக்கணும்?”

அடுத்த இரண்டு வாரம் பிரிவில் யாராவது கொட்டாவி விட்டால்கூட விடமாட்டேன். முருங்கைக்கீரை, பேரீச்சம்பழம் என்று பாடம் நடத்துவேன். என் பக்கத்து மேஜையில் வேலை பார்க்கும் வசந்தா தலை சுற்றுகிறது என்றால், “என்னைப் பாரு” என்பேன். பாவம், பார்ப்பாள்.

பிறகு கம்பெனி சாப்பாட்டுக் கூடத்தில் ரத்ததான முகாம் வந்தது. எங்கள் பெண்களில் பாதிப் பேர் ஒவ்வொருவராக, ரத்தம் போதவில்லை என்று திரும்பி வந்தார்கள். நான் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு போய் அங்கிருந்த டாக்டரிடம் ரிப்போர்ட்டை நீட்டினேன்.

“மேடம், எங்கிட்ட ரெண்டு பாட்டிலா எடுத்துக்குங்க. இவங்க பங்கையும் நானே குடுத்துடறேன்.”

என் மகளைவிட ஏழெட்டு வயதுதான் கூட இருக்கும் அந்த டாக்டருக்கு. தாளை இரண்டு முறை படித்தார்.

“இதை யார்கிட்டயாவது காட்டினீங்களா?”

“எல்லார்கிட்டயும் காட்டிட்டேன் மேடம்.”

“டாக்டர் யார்கிட்டயாவது?”

நான் தாளைத் திரும்ப வாங்கக் கை நீட்டினேன். அவர் பொறுமையாகச் சொன்னார்: “இது ஏறினா சக்தி ஏறிடுச்சுன்னு அர்த்தம் இல்லம்மா. உடம்புக்குள்ள வீக்கமோ கிருமித் தொற்றோ இருந்தாலும் ஏறும். கல்லீரல்ல கொழுப்பு சேர்ந்தாலும் ஏறும். சில பேருக்கு நிஜமாவே இரும்பு தேங்கி, ஈரல், இதயத்தையெல்லாம் கெடுக்கும். எதுன்னு பாக்காம இன்னிக்கு உங்ககிட்ட ரத்தம் எடுக்க மாட்டேன்.”

முப்பது பெண்களும் கேட்டுக்கொண்டு நின்றார்கள். என் முகம் போன போக்கைப் பார்த்து வசந்தா, ரத்தம் கொடுத்தவர்களுக்கு வைத்திருந்த ஜூஸில் ஒன்றை எடுத்து வந்தாள். “உக்காருங்கக்கா, இதக் குடிங்க.” ஒரு சொட்டு ரத்தமும் கொடுக்காமல் ஜூஸ் குடித்த ஒரே ஆள் நான்தான்.

அன்று வண்டி ஓட்டத் தெம்பில்லை. வசந்தா ஓட்ட, பின்னால் உட்கார்ந்து போனேன். மகள் அப்போதுதான் கல்லூரியில் சேர்ந்திருந்தாள். அவள் படிப்பு முடியும்வரை இந்த ஈரல் தாங்குமா என்பது மட்டும்தான் என் யோசனை.

மறுநாள் கணவர் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். பெரிய டாக்டர் என்னைப் பார்த்து, “குடிப்பீங்களா?” என்றார்.

கணவர் முந்திக்கொண்டார். “பாண்டிச்சேரின்னா எல்லாரும் குடிப்பாங்களா டாக்டர்? இவ டீதான் குடிப்பா. ஒரு நாளைக்கு ஆறு டம்ளர்.”

“டீயோட?”

“பிஸ்கட்” என்றேன். “உடைஞ்சதுதான் டாக்டர். பாக்கெட்ல போட முடியாதது.”

பதினெட்டு வருடமாகத் தின்ற உடைந்த பிஸ்கட், கல்லீரலில் முழுசாக இருந்தது. ஸ்கேன் சொன்னது அதைத்தான். ரத்தத்தில் இரும்பு எவ்வளவு ஓடுகிறது என்று தனியாக ஒரு பரிசோதனை. அது சரியாகவே இருந்தது. “இரும்பெல்லாம் எல்லாருக்கும் போலத்தான்மா. கொழுப்புதான் ஜாஸ்தி” என்றார் டாக்டர். என் கணவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். தோள் குலுங்கியது.

இனி சொல்லப்போவது நிஜப் பெருமை. சுற்றிலும் பிஸ்கட் சுடச்சுட இறங்கும் இடத்தில், நாளுக்கு எட்டு மணி நேரம் நின்றுகொண்டு, எட்டு மாதம் ஒரு துண்டைக்கூட நான் தொடவில்லை. தினமும் காலையில் கடற்கரைச் சாலையில் நடந்தேன். ஒன்பது கிலோ குறைந்தது. ஃபெரிட்டின் நூற்று நாற்பதுக்கு இறங்கியது. அடுத்த முகாமில் அதே டாக்டர் என்னிடம் ஒரு பாட்டில் எடுத்துக்கொண்டார். பக்கத்துக் கட்டிலில் வசந்தா. அவள் என் பேச்சைக் கேட்காமல் டாக்டரைப் பார்த்து மாத்திரை சாப்பிட்டு, ரத்த அளவைச் சரிசெய்துகொண்டு அவளும் கொடுக்க வந்திருந்தாள்.

வீட்டில்தான் என் மரியாதை இன்னும் திரும்பவில்லை. போன மாதம் மகளின் மார்க் பட்டியல் வந்தது. அறுபத்தொன்று.

“ஏன்டி, இவ்ளோதானா?” என்றேன்.

“நார்மல் ரேஞ்சுதாம்மா” என்றாள். “இதுக்கு மேல போனா ஸ்கேன் எடுக்கணும்.”