நாற்பத்து மூன்று கற்களை ஏற்றிய லாரி

இந்த வசந்தத்தில் காட்டுத்தீ வந்தால் எங்கள் வீட்டுக்குத் தலைமைப் பொறுப்பு நான்தான் என்று அறிவித்தேன். வீட்டில் இருப்பது நானும் மனைவி ஓக்புன்னும் மட்டும். பூண்டு உரித்துக்கொண்டே சரி என்றாள்.

கொரியாவின் கிழக்குக் கரையோரம், உல்ஜின் மலைச்சரிவில் எங்கள் ஊர். சுற்றிலும் பைன் காடு. ஏப்ரல் காற்று பிடித்துக்கொண்டால் தீ ஆளைவிட வேகமாக ஓடும். கிளம்பச் சொன்னால் அரை மணியில் கிளம்ப வேண்டும், இப்போதே மூட்டை கட்டி வையுங்கள் என்று மா என்ற எங்கள் ஊர்த் தலைவர் வீடு வீடாகச் சொல்லிப் போயிருந்தார்.

எங்களிடம் இருப்பது ஒரு குட்டி லாரி. முற்றத்தில் சோயா விழுதும் சாஸும் ஊறும் பெரிய மண் ஜாடிகளைக் கொண்டுபோக வேண்டும் என்றாள் ஓக்புன். ஒன்றில் எங்கள் கல்யாண வருஷத்தில் ஊறப்போட்ட சோயா சாஸ். எனக்கோ என் கற்கள். முப்பது வருஷம் ஆற்றில் இறங்கிப் பொறுக்கியவை, நாற்பத்து மூன்று. ஒன்று மலை மாதிரி. ஒன்று ஆமை. ஒன்று அசப்பில் என் மாமனார்.

ஜாடி கனம், உடையும், லாரியில் இடமில்லை என்று தீர்ப்புச் சொன்னேன். அதற்கும் சரி என்றாள். அன்று மதியம் அவள் வயலுக்குப் போனதும், ஆறு பெட்டிகளின் அடியில் கற்களை அடுக்கி, மேலே பஞ்சுப் போர்வைகளை நானே மடித்து வைத்தேன். மறுநாள் ஊர் மண்டபத்தில், ஆபத்தில் அமைதி காப்பது பற்றி முக்கால் மணி நேரம் பேசினேன். நல்ல கைதட்டல்.

நான்காம் நாள் ஒலிபெருக்கி அலறியது. மலைக்கு மேலே வானம் செங்கல் நிறம். பெட்டிகளை ஏற்றியதில் இடுப்பு கழன்றது. கழலட்டும், கற்கள் பிழைத்தால் போதும்.

ஊரைத் தங்கவைத்த கடற்கரைப் பள்ளிக்கூட உள்ளரங்கில் ஒரு பெட்டியைத் திறந்தேன். போர்வைக்கு அடியில் இறுக மூடிய பிளாஸ்டிக் டப்பாக்கள். சோயா விழுது, மிளகாய் விழுது, கல்யாண சாஸ்.

"என் கல்லெல்லாம் எங்கே?"

"முற்றத்துல, காலி ஜாடிக்குள்ள. நீங்க மண்டபத்துல பேசிக்கிட்டிருந்தப்போ மாத்திட்டேன். கல்லு எரியாதுங்க."

"பெட்டிக்குள்ள கல்லு இருக்குன்னு யார் சொன்னா?"

"நீங்களா போர்வை மடிச்சீங்களே, அப்பவே தெரிஞ்சுபோச்சு."

"எனக்கு வயிறு எரியுது."

"அதுக்கு சூப் வெக்கிறேன்."

வைத்தாள். மூன்று நாள், அரங்கில் இருந்த நூற்றுப் பத்துப் பேருக்கும். ஆறிப்போன பொட்டலச் சோற்றை வெறித்துக்கொண்டிருந்தவர்கள் இரண்டாம் கிண்ணம் கேட்டார்கள். என்ன முன்யோசனை என்று என் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். நானும் அடக்கமாகத் தலையசைத்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் மாலை மழை கொட்டியது. ஊருக்கு மேலே கடைசி மேட்டோடு தீ அடங்கியது. ஓர் ஆளுக்கும் சேதமில்லை, ஒரு வீட்டுக்கும் இல்லை. ஊரே பாட்டுப் பாடிக்கொண்டு திரும்பியது. ஜாடிகளைத் திறந்து பார்த்தேன். ஒரு கல்லுக்கும் கீறல்கூட இல்லை, மாமனார் உட்பட.

அந்த வாரமே கூட்டம். அடுத்த வருஷத்துக்கு மீட்புக் குழுத் தலைவராக யாரைப் போடலாம் என்று மா கேட்டார். எல்லாக் கண்களும் ஓக்புன் பக்கம் திரும்பின. அவள் எழுந்தாள்.

"அவரையே போடுங்க. பேசறதுக்கு ஒரு ஆள் வேணுமில்ல, மத்ததை நான் பாத்துக்கறேன்."

ஒரு கைகூட எதிர்த்து எழாமல் நான் தலைவரானேன்.