பெல்ட் அண்ணையின் இறுதிச் சுற்று

கராத்தேயில் ஓர் உதைகூடப் பழகாமல் கறுப்புப் பட்டி கட்டியவர் உலகத்திலேயே எங்கள் பெல்ட் அண்ணை ஒருவர்தான். அது அவருக்குப் பெரிய காரியமில்லை. அவர் தையல்காரர். கறுப்புத் துணி கடையிலேயே இருந்தது.

யாழ்ப்பாணத்துக் கரவெட்டியில் என் ரேடியோ திருத்தும் கடைக்கு அடுத்தது அவருடைய கடை. எண்பதுகளின் நடுப்பகுதி. ஊரில் யாராவது வீடியோ டெக்கும் டீவியும் வாடகைக்கு எடுத்தால் மற்றவர்கள் காதல் படம் கேட்பார்கள். இவர் கராத்தேப் போட்டிப் படம்தான் கேட்பார். பல நாட்டு வீரர்கள் வருவார்கள், ஒவ்வொருவராகத் தோற்பார்கள், கடைசியில் இருவர் மிஞ்சுவார்கள், கதாநாயகனுக்கு ஒரு கண் வீங்கி மூடியிருக்கும். கதை எப்போதும் இதுதான். பேசும் மொழி எங்களில் ஒருவருக்கும் விளங்காது. பெல்ட் அண்ணை முன்னால் இருந்து மொழிபெயர்ப்பார். அவருக்கும் விளங்காது என்பது வேறு விஷயம்.

"உவன் சொல்லுறான், என்ரை குருவை நீதான் சாகடிச்சனி, உன்னை மேடையிலை சந்திக்கிறன் எண்டு."

அடுத்த நிமிடம் படத்தில் இருவரும் கட்டிப்பிடித்துச் சிரிப்பார்கள். "சமாதானமாப் போட்டினம்," என்பார் பெல்ட் அண்ணை, கொஞ்சமும் அசையாமல்.

ஒருநாள் பொறுக்காமல் கேட்டேன். "எல்லாம் ஒரே கதைதானே அண்ணை, என்னத்துக்குத் திரும்பத் திரும்பப் பாக்கிறியள்?"

ஊசியில் நூல் கோத்தபடி சொன்னார். "உதிலை துவக்கு இல்லை, குண்டு இல்லை, பாத்தனியோ? அடிக்க முதல் குனிஞ்சு வணக்கம் சொல்லுறாங்கள். விழுந்தவனுக்கு அடிக்கேலாது. நடுவிலை ஒராள் நிண்டு நியாயம் பாக்கிறார். எங்கடை நாட்டிலை உப்பிடி ஒரு சண்டை எங்கையடாப்பா நடக்குது?"

அன்று காலையும் தூரத்தில் ஷெல் விழுந்த சத்தம் கேட்டிருந்தது.

நடக்காத சண்டையைத் தானே நடத்துவது என்று முடிவெடுத்தார். கோதுமை மாச் சாக்குகளை வெட்டி எல்லாருக்கும் வெள்ளைச் சீருடை தைத்தார். 'ஈரமில்லாத இடத்தில் வைக்கவும்' என்ற ஆங்கில எழுத்தை முதுகில் சுமந்துகொண்டு எங்கள் வீரர்கள் அறுவடை முடிந்த வயலில் இறங்கினார்கள். பெரும்பாலும் புகையிலைத் தோட்டக்காரர். ஒருவருக்கும் கராத்தே தெரியாது. ஆகவே, எதிராளியை வட்டக் கோட்டுக்கு வெளியே அனுப்பினால் வெற்றி என்று சட்டம் போட்டார். என்னிடம் விசில் இருந்ததால் நான் நடுவர்.

பெல்ட் அண்ணை எப்படி இறுதிச் சுற்றுக்கு வந்தார் என்று கேட்காதீர்கள். அவர் கத்திய கத்தலில் எதிராளிகள் தாங்களாகவே கோட்டைத் தாண்டிவிட்டார்கள். ஆனால் கடைசியில் எதிரே வந்து நின்றவர் பருத்தித்துறைக் கடற்றொழிலாளி. திருக்கை என்று கூப்பிடுவார்கள். வலை இழுத்து இழுத்து, அவருடைய ஒவ்வொரு கையும் பெல்ட் அண்ணையின் தொடை அளவு.

இருவரும் குனிந்து வணங்கினார்கள். நான் விசிலை வாயில் வைத்தேன். அந்த நேரம் பார்த்து, "ஹெலி வருது!" என்று யாரோ கத்தினார்கள்.

சனம் சிதறியது. வயலோரத்தில் வெட்டியிருந்த பங்கர் குழிக்குள் நாங்கள் மூவரும் ஒருவர்மேல் ஒருவராய் விழுந்தோம். மேலே ஹெலிகொப்டர் சடசடவென்று சுட்டுக்கொண்டு போனது. திருக்கையின் பெரிய உடம்பு முழுக்க நடுங்கியது. கடலில் இப்படி மேலிருந்து சுட்டதில்தான் தன் தம்பி செத்தான் என்று பிறகு சொன்னார். பெல்ட் அண்ணை அவர் கையைப் பிடித்துக்கொண்டு, படத்துக்கு மொழிபெயர்க்கும் அதே குரலில், "இப்ப திரும்புறான்... இப்ப போறான்... போயிட்டான்," என்று சொல்லிக்கொண்டேயிருந்தார்.

வெளியே வந்தபோது வயலில் ஒரு மாடுதான் நின்றது.

"வீட்டை போவம் அண்ணை," என்றேன்.

"ஏன்? பைனல் முடியேல்லையே." திருக்கையின் பக்கம் திரும்பினார். "தம்பி, உமக்கு ஏலுமோ?"

திருக்கை முகத்தைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "ஓம், வாறன்."

மறுபடி குனிந்து வணங்கினார்கள். விசில் ஊதினேன். பெல்ட் அண்ணை அலறிக்கொண்டு பாய்ந்து உதைத்தார். திருக்கை அவரை அந்தரத்திலேயே பிடித்து, பிள்ளையைத் தொட்டிலில் கிடத்துவதுபோல், கோட்டுக்கு வெளியே வைத்தார். பெல்ட் அண்ணை எழுந்து, தூசி தட்டி, இன்னொரு தரம் குனிந்து வணங்கினார்.

என் சைக்கிள் பாரில்தான் திரும்பி வந்தார். "என்ன மாதிரிப் பிடிச்சான், பாத்தனியே? சுத்தமான பிடி! நோகாமல் வைச்சானடா!" வழி முழுக்க அதே கதை.

தோற்றுவிட்டு அவ்வளவு சந்தோஷப்பட்ட ஒருவரை நான் பிறகு எங்கும் காணவில்லை. சந்தி வந்ததும், அவர் பேசி முடிக்கட்டும் என்று, சைக்கிளை வீட்டுக்குச் சுற்றிப் போகும் நீண்ட பாதையில் திருப்பினேன்.