கணவாயில் நான் செய்த மொழிபெயர்ப்பு

எனக்கு இந்தி தெரியும் என்று வீட்டில் பெருமை பேசித் திரிந்த காலம் ஒன்று உண்டு. புனேயில் மூன்று வருஷம் வேலை பார்த்ததில் கிடைத்த இந்தி. (பாதி ஆட்டோக்காரர்களிடம் திட்டு வாங்கிக் கற்றது.) அந்த இந்தியால் ஒரு மனிதரின் இரண்டு கால்விரல்கள் போயின. என் விரல்களாக இருந்திருந்தால் இதை இன்னும் கொஞ்சம் தைரியமாக எழுதியிருப்பேன்.

அவர் எட்வின் அத்தான். என் அக்காவின் கணவர், தக்கலையில் பெயின்ட் கடை வைத்திருப்பவர். டாக்டர் அவருடைய தொப்பையைப் பார்த்து, தினமும் நடக்கச் சொன்னார். துணைக்கு நான் போனேன். செங்கல் நிரப்பிய பையோடு மருந்துவாழ்மலையில் நான்கு முறை ஏறி இறங்கியதும் எனக்குத் திமிர் பிடித்துவிட்டது. இமயமலையில் எட்டு நாள் நடந்து ஒரு கணவாயைக் கடக்கும் பயணத்துக்கு இருவர் பேரையும் பதிந்தேன். காலையில் எங்களோடு நடக்கும் நண்பர்கள் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே எங்கள் படம் போட்டு ஃபிளெக்ஸ் வைத்தார்கள்: ‘இமயத்தை வெல்லப் புறப்படும் எங்கள் சிங்கங்களே!’ (படத்தில் எங்களுக்குப் பின்னால் இருந்த மலை சுவிட்சர்லாந்துடையது.)

ரயிலேற்ற வந்த அக்கா என்னைத் தனியே இழுத்துச் சொன்னாள்: “ஏலே, அவருக்கு பாஷையும் தெரியாது, ஒண்ணும் தெரியாது. ஒன்ன நம்பித்தான் விடுதேன்.”

நான்காம் நாள் காலையில் கூடாரத்தின் கூரை மூக்கைத் தொட்டது. இரவெல்லாம் பனி கொட்டியிருந்தது. வழிகாட்டி குந்தன் அதிகம் பேசாத மனிதர். மேலே பார்த்துவிட்டு இந்தியில் என்னிடம் சொன்னார்: “கணவாய் அடைத்துவிட்டது. போகவேண்டாம். காட்டு வழியாக இறங்கிப் பக்கத்துப் பள்ளத்தாக்கில் நடக்கலாம். அதே எட்டு நாள்தான்.”

அதைவிட நல்ல யோசனை இருக்க முடியாது. ஆனால் எனக்குக் கண்ணில் தெரிந்தது ஃபிளெக்ஸ்தான். அதற்கு அடியில் நின்று இனி எப்படி பஸ் ஏறுவது?

“என்ன சொல்லுதாரு மக்கா?” என்றார் அத்தான்.

“கொஞ்சம் பனி விழுந்திருக்காம் அத்தான். மெதுவா கேறணுமாம்.”

“அப்படின்னா கேறுவோம்.”

குந்தன் பக்கம் திரும்பி இந்தியில் சொன்னேன்: “அத்தான் பிடிவாதக்காரர். மேலே போகாமல் திரும்ப மாட்டேன் என்கிறார்.”

குந்தன் அத்தானைப் பார்த்தார். அத்தான் அவரைப் பார்த்துச் சிரித்துத் தலையாட்டினார். குந்தன் பெருமூச்சு விட்டு, கணவாய்க்குக் கீழே உள்ள பாறை வரைக்கும்தான், அதற்கு மேல் ஓர் அடி வைக்கமாட்டேன் என்றார்.

பாறைவரைகூடப் போகவில்லை. இடுப்பளவு பனியில் மூன்று மணி நேரம் திணறிய பிறகு, அத்தான் காலுக்குக் கீழே பனி உடைந்தது. உள்ளே ஓடை. இரண்டு ஷூவிலும் தண்ணீர். குந்தன் அவரைத் தூக்கி நிறுத்தி, என்னிடம் ஒரு வார்த்தை கேட்காமல் கீழ்நோக்கி நடத்தினார். முகாம் வந்து சேர ஐந்து மணி நேரம் ஆயிற்று. ஷூவைக் கழற்றியபோது இடதுகால் விரல்கள் மெழுகுவர்த்தி நிறத்தில் இருந்தன.

“வலிக்கா அத்தான்?”

“ஒண்ணுமே தெரியல்ல மக்கா” என்றார், என்னைத் தேற்றுகிற குரலில்.

குந்தன் தன் சட்டையைத் தூக்கி அந்தக் கால்களை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டார். நான்கு நாள் முன்புவரை யாரென்றே தெரியாத அந்த மனிதர் அப்படிக் கிடக்க, நான் அடுப்பில் தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்ப்பதுபோல் நடித்துக்கொண்டிருந்தேன்.

இரண்டு நாள் கழித்துக் கீழே சிறிய ஆஸ்பத்திரி. நர்ஸ் ஒரு மலையாளி. குந்தன் அவரிடம் இந்தியில் நடந்ததைச் சொன்னார். நர்ஸ் அத்தானிடம் திரும்பி, “கைடு போகண்டா எந்நு பறஞ்ஞில்லே? சேட்டன் எந்தினா வாசி பிடிச்சது?” என்று கடிந்துகொண்டார். கைடு வேண்டாமென்றும் ஏன் அடம்பிடித்தீர் என்கிறார். இந்தி புரியாத அத்தானுக்கு மலையாளம் தண்ணீர்பட்ட பாடு.

அவர் என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு நர்ஸிடம், “புத்தி இல்லாமப் போச்சு சிஸ்டரே” என்றார்.

நாகர்கோவிலில் இரண்டு விரல்களை எடுத்தார்கள். அக்கா கட்டிலருகே நின்று அவரைத் திட்டித் தீர்த்தாள். “கைடு தடுத்தான், நாந்தான் கேக்கல்ல” என்று அவர் என் பொய்யைத் தன்னுடையதாக்கிச் சொல்லிக்கொண்டிருந்தார். மூன்றாம் நாள் எனக்குத் தாங்கவில்லை.

“அத்தானுக்கு ஒண்ணும் தெரியாதுக்கா. ரெண்டு பக்கமும் நாந்தான் மாத்திச் சொன்னேன்.”

அக்கா கையிலிருந்த ஃபிளாஸ்கைக் கீழே வைத்தாள். “எந்திரிச்சுப் போ” என்றாள். அதோடு பத்து மாதம் பேசவில்லை. அவர்கள் வீட்டுக்குப் போவேன், அத்தானோடு இருப்பேன், டீ வரும், பேச்சு வராது.

ஒருநாள் அத்தானிடம், “நாளைக்குப் பகல் முழுக்க கரண்டு இருக்காதாம்” என்றேன். டீயோடு வந்த அக்கா நின்றாள். “கரண்டு ஆபீஸ்ல சொன்னதா, இல்ல ஒனக்க மொழிபெயர்ப்பா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

அத்தான் சிரித்து டீயைச் சட்டையில் கொட்டிக்கொண்டார். நானும் சிரித்தேன். முகத்தைத் துடைக்க எழுந்து வெளியே போகவேண்டியிருந்தது.

இப்போது குடும்பம் முழுக்க அதைத்தான் கேட்கிறது. மழை பெய்கிறது என்று நான் சொன்னால்கூட அக்கா பிள்ளைகள் முற்றத்துக்குப் போய்க் கை நீட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடை எடுக்கிறார்கள்.