பிறதுறையார் வளர்த்த பீன்ஸ்

எங்கள் நார்ட்விக் கல்லூரியில் உயிரியல் படிக்காமல் யாரும் பட்டம் வாங்கிவிட முடியாது. கணக்கு எழுதப் படிக்கிறவர், போலீஸ் வேலைக்குப் படிக்கிறவர், ஓட்டல் நடத்தப் படிக்கிறவர் எல்லாரும் ஒரு பருவம் உயிரியல் வகுப்பில் உட்கார்ந்து எழுந்தே ஆக வேண்டும். சவ அலங்காரம் படிக்கிற பையன்கள்கூட, உயிர் என்றால் என்னவென்று தெரிந்துகொண்ட பிறகுதான் பிணத்தைத் தொடலாம் என்பது விதி. இவர்களுக்கென்றே ஒரு பாடம் தனியாக வகுத்திருக்கிறார்கள். அதன் திருநாமம் ‘பிறதுறையார் உயிரியல்’. ‘மாணவர் எதையும் தம் கண்ணால் கண்டு, தாமே சிந்தித்து, அஞ்சாமல் முடிவு காணும் மனப்பான்மையைப் பெறுவார்’ என்று அதன் நோக்கத்தைக் கையேட்டில் அச்சடித்திருக்கிறார்கள். படித்தால் மெய்சிலிர்க்கும்.

அந்தப் பாடத்தின் ஆய்வகத்தில் சாமான் எடுத்துக் கொடுக்கிற வேலை எனக்கு. மதுரைப் பக்கத்திலிருந்து இந்த மின்னசோட்டாக் குளிருக்கு வந்து இருபது வருஷம் ஆகிவிட்டது. திருமேனிநாதன் என்று அப்பா ஆசையாக வைத்த பெயரை இவர்கள் ‘டிரூ’ என்று கத்தரித்துவிட்டார்கள். போகட்டும், கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அது போதும்.

பாடம் எடுக்கிறவர் கேரி ஹோகன்சன். பாசியை ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியவர். பருவத்துக்குப் பருவம் ஒப்பந்தம், மூன்று கல்லூரியில் ஓட்டம், மதியச் சாப்பாடு காரில். பாடம் எடுக்கிறவர் என்று நான் சொல்வதும் ஒரு மரியாதைக்குத்தான். புத்தகம் போட்ட கம்பெனியே படம், பேச்சு, கேள்வி, விடை எல்லாவற்றையும் கணினியில் அனுப்பிவிடும். திருத்துவதும் கணினியே. விடை சரியென்றால் பச்சை, தப்பென்றால் சிவப்பு. மனசுக்குள் நான் அதற்குப் பச்சையார் என்று பெயர் வைத்திருந்தேன். கேரி செய்ய வேண்டியது, ஆய்வகக் கதவைத் திறந்து விளக்கைப் போடுவது.

அந்த வருஷ மாணவர்களில் ஒருத்தி மார்லிஸ் ட்வெட். வயது நாற்பதுக்கு மேல். பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறவள். விடியுமுன் எழுந்து, உறைந்த கதவை உதைத்துத் திறந்து, பனியில் வழுக்குகிற வண்டியைப் பதினெட்டு வருஷமாக ஓட்டியதில் வலது தோள் போய்விட்டது. மருத்துவர் ‘இனி ஓட்டாதே’ என்று சொல்லிவிட்டார். போக்குவரத்து மேற்பார்வையாளர் நாற்காலி அந்த மே மாதம் காலியாகிறது. ஓட்டின அனுபவம் தேவையில்லை, பட்டம் தேவை. மாலை வகுப்பில் வருஷக்கணக்காகப் படித்து எல்லாப் பாடத்தையும் முடித்துவிட்டாள். பாக்கி நின்றது இந்த உயிரியல் ஒன்றுதான். அவள் தவறினால் நாற்காலி, கேளிக்கை மேலாண்மையில் பட்டம் வாங்கிய டைலர் என்ற பொடியனுக்குப் போகும்.

ஏப்ரலில் பெரிய சோதனை வந்தது. அதில் தவறியவர் பாடத்திலேயே தவறியவர் என்பது சட்டம். இரண்டு காகிதக் கோப்பையில் பீன்ஸ் விதை போட வேண்டும். ஒன்றை ஜன்னலோரம் வைக்க வேண்டும், ஒன்றை அலமாரிக்குள் இருட்டில் பூட்ட வேண்டும். ஒன்றரை வாரம் கழித்து எது உயரம் என்று அளந்து எழுத வேண்டும். அவ்வளவுதான்.

மார்லிஸ் அளந்தாள். அலமாரிச் செடி உயரம் என்று எழுதினாள். பச்சையார் சிவந்தார்.

மற்ற எல்லாரும் ஜன்னல் செடிதான் உயரம் என்று எழுதிப் பச்சை வாங்கியிருந்தார்கள். அலமாரிச் சாவி என்னிடம்தான் இருந்தது. அளக்க வேண்டிய நாளில் மார்லிஸைத் தவிர ஒருத்தரும் வந்து சாவி கேட்கவில்லை. வெயில் பட்டால்தானே செடி வளரும் என்று உட்கார்ந்த இடத்திலேயே சிந்தித்து, அஞ்சாமல் முடிவு கண்டிருந்தார்கள்.

மார்லிஸ் இரண்டு கோப்பையையும் தூக்கிக்கொண்டு ஆய்வகத்துக்கு வந்தாள்.

“கேரி, என்ன அநியாயம் இது? அலமாரிச் செடி என் முழங்கை நீளம் இருக்கு. ஜன்னல் செடி சாண்கூட இல்ல. இதுல எங்கே தப்பு?”

கேரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். “செடி மேல தப்பே இல்ல. இருட்டுல முளைச்சா வெளிச்சத்தைத் தேடி நீண்டுக்கிட்டே போகும். வெளுத்து, ஒல்லியா, நீளமா. அது இயற்கை.”

“அப்போ நான் எழுதினது சரி.”

“நூத்துக்கு நூறு சரி.”

“அப்போ பச்சை போடுங்க.”

“நான் எங்கேம்மா போடுறது? விடையை மாத்துற அதிகாரம் எனக்கு இல்ல. அதுல கை வச்சா அடுத்த பருவம் என்னைக் கூப்பிட மாட்டாங்க.”

“உங்களுக்கே தெரியுது, இல்ல?”

“தெரியுது. பாசிக்கே அஞ்சு வருஷம் கொடுத்தவன் நான், பீன்ஸ் தெரியாதா?”

முளைப்பாரியை இருட்டறையில் வைத்து நெடுநெடுவென வளர்க்கிற ஊரில் பிறந்தவன் நான். எனக்கும் தெரியும். ஆனால் என்னை யார் கேட்டார்கள்? விதை எத்தனை பாக்கெட் என்று கேட்டால் சொல்லலாம்.

மார்லிஸ் மேல் மாடிக்குப் போனாள். கோப்பைகளைத் தூக்க நானும் கூடப் போனேன். அங்கே ‘மாணவர் வெற்றித் துணைத் தலைவர்’ பிரெண்டா சோர்விக் இருந்தார். இந்தக் கல்லூரியில் இப்போதெல்லாம் யாரும் படிப்பதில்லை, வெற்றி பெறுகிறார்கள். அதற்கு ஒரு மாடி, எட்டு அறை, அறைக்கு ஒரு துணை இயக்குநர்.

“வா, கண்ணு, உட்காரு. முதல்லயே சொல்லிடுறேன், நான் அறிவியல் ஆள் கிடையாது” என்றார் பிரெண்டா, மெடல் வாங்கினவர் மாதிரி நெஞ்சை நிமிர்த்தி.

“அறிவியல் வேண்டாம் மேடம். ஸ்கேல் வச்சுப் பாருங்க போதும்.”

“வகுப்புல மத்தவங்க என்ன எழுதினாங்க?”

“ஜன்னல் செடின்னு.”

“எல்லாருமா?”

“எல்லாருமேதான். அவங்க அலமாரியைத் திறக்கவே இல்ல.”

“பாத்தியா! இங்கே நாங்க எந்த முடிவையும் புள்ளிவிவரத்தை வச்சுத்தான் எடுப்போம். வகுப்பு முழுக்க ஒரு பக்கம், நீ ஒருத்தி ஒரு பக்கம். புள்ளிவிவரம் தெளிவா இருக்கே.”

“மேடம், செடி இதோ மேஜை மேல நிக்குது.”

பிரெண்டா செடியைப் பார்க்காமல், மார்லிஸின் கையைப் பிடித்துக்கொண்டார். “அது உன்னோட செடியின் உண்மை. நாங்க அதை மதிக்கிறோம். உன் மனசு புண்பட்டிருக்கு, அதையும் மதிக்கிறோம். கீழ்த்தளத்துல மனசை லேசாக்குறதுக்கு நாய்க்குட்டி வச்சிருக்கோம், தடவிக் கொடுத்துட்டுப் போறியா?”

“எனக்கு நாய்க்குட்டி வேண்டாம், மார்க்கு வேணும்.”

“அப்படின்னா மேல்முறையீட்டுக் குழு” என்றார் பிரெண்டா, கொஞ்சம் வருத்தத்தோடு. நாய்க்குட்டியை மறுத்தவர்களை அவருக்குப் பிடிக்காது.

மேல்முறையீட்டுக் குழு அடுத்த வாரம் கூடியது. தலைமை பிரெண்டா. உறுப்பினர்கள், தொடர்புத்திறன் கற்பிக்கும் அம்மாள் ஒருவர், பனி ஹாக்கி பயிற்சியாளர் ரஸ்டி ஒருவர். சுவரிலிருந்த திரையில் கம்பெனிப் பிரதிநிதி, டை கட்டிய இளைஞர். ஓரமாகக் கேரி. செடியைப் பிடித்துக்கொண்டு நான்.

மார்லிஸ் நேராகத் திரையைப் பார்த்துக் கேட்டாள். “இருட்டுல வச்ச பீன்ஸ் நீளமா வளருமா, வளராதா? ஒரே வார்த்தை சொல்லுங்க.”

“வளரும்” என்றார் பிரதிநிதி, கொஞ்சமும் தயங்காமல்.

எல்லாரும் நிமிர்ந்து உட்கார்ந்தோம்.

“உயிரியலையே முதன்மைப் பாடமா எடுத்தவங்களுக்கு வளரும். அவங்க புத்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கோம். இவங்க எடுத்திருக்கிறது பிறதுறையார் பாடம். இதுல வளராது.”

“ஒரே விதைதானே? ரெண்டு வகுப்புக்கும் ஒரே பாக்கெட்டுலேர்ந்துதான் நான் எடுத்துக் குடுத்தேன்” என்று என் வாய் சும்மா இல்லாமல் சொல்லிவிட்டது.

“விதை ஒண்ணுதான் சார். பாட எண் வேற.”

“ஓ!” என்று தலையாட்டினார் தொடர்புத்திறன் அம்மாள். அவர் குறிப்பேட்டில் ஏதோ எழுதிக் கீழே கோடும் போட்டுக்கொண்டார்.

“இன்னொண்ணு. விடையை இப்போ மாத்தினா, நாடு முழுக்க இந்த விடைக்குப் பச்சை வாங்கினவங்க எல்லாம் தவறினவங்க ஆயிடுவாங்க. உங்க ஊர் போலீஸ்காரர் பாதிப்பேர், வங்கிக்காரங்க, எல்லார் பட்டமும் போயிடும். ஒரு பீன்ஸுக்காக நாட்டைக் கவுக்கலாமா?”

பிரெண்டாவின் முகம் வெளிறியது. அவரும் இந்தக் கல்லூரியில்தான் படித்தவர்.

அப்போது ரஸ்டி எழுந்து வந்து செடியை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். “டிரூ, கையை எடுங்க.”

எடுத்தேன். ஒல்லிச் செடி பொத்தென்று மேஜையில் சாய்ந்து படுத்தது.

“இது உயரம் இல்லீங்க, நீளம். என் டீம் பையன் ஐஸ்ல விழுந்து கெடந்தா அவன் உயரத்தை எப்படிச் சொல்லுவேன்? சுயமா நிக்கிறதுதான் உயரம். இது ரெண்டு அங்குலம்கூட நிக்கல.”

“பிடிச்சு நிறுத்தி அளக்கணும்!” என்று மார்லிஸ் பாய்ந்து செடியை நிமிர்த்தினாள்.

“பாருங்க, பாருங்க” என்றார் பிரெண்டா பதறிப்போய். “செடிக்கு வெளி உதவி! இது தேர்வு ஒழுங்கீனம் ஆயிடும் கண்ணு, கையை எடுத்துடு.”

மார்லிஸ் கையை எடுத்தாள். செடி மறுபடி படுத்தது. பதினெட்டு வருஷம் இந்த ஊர்ப் பிள்ளைகளை ஒரு கீறல் படாமல் பள்ளிக்கூடத்தில் சேர்த்தவள், காகிதக் கோப்பைக்கு முன்னால் திருடி மாதிரி நின்றாள். கேரி கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

குழு கருணையோடு முடிவெடுத்தது. மேற்படி மாணவி மேற்படி சோதனையை மீண்டும் ஒருமுறை செய்து, ‘எதிர்பார்க்கப்படும் விளைவை’ அடைய வாய்ப்பு வழங்கப்படுகிறது.

மார்லிஸ் மறுபடி விதை போட்டாள். நான்தான் விதை கொடுத்தேன். இந்தப் பாழாய்ப்போன பீன்ஸுக்குப் பாட எண் படிக்கத் தெரியவில்லை. அலமாரிச் செடி இந்த முறை இன்னும் கொஞ்சம் நீளமாகவே வளர்ந்து, கதவு இடுக்கு வழியாகத் தலையை நீட்டிக்கொண்டிருந்தது.

கடைசி நாள் மார்லிஸ் வந்தாள். செடியை வெகுநேரம் பார்த்தாள்.

“டைலர் நேத்தே அந்த மேற்பார்வையாளர் ஆபீஸுக்குப் போய் ஜன்னல் திரைக்கு அளவு எடுத்துட்டு வந்தானாம்” என்றாள். பிறகு, “டிரூ, கத்தரிக்கோல் இருக்கா?”

கேட்டால் எடுத்துக் கொடுப்பதுதான் என் வேலை. கொடுத்தேன்.

ஒரே வெட்டு. அளந்தாள். ஜன்னல் செடி உயரம். பச்சையார் பளிச்சென்று பச்சையானார். கேரி அந்தச் சமயம் பார்த்து விளக்கு சரியாக எரிகிறதா என்று பார்க்க வெளியே போயிருந்தார்.

மே மாதம் பட்டமளிப்பு. ‘தளராத அறிவியல் தேடல்’ என்று மார்லிஸுக்கு ஒரு தனிக் கேடயம் கொடுத்தார் பிரெண்டா. நாற்காலியும் கிடைத்தது. வகுப்பு முழுக்கத் தேறியதால் கல்லூரிக்கு மாநிலத்திலிருந்து பாராட்டு வந்தது. ஒருத்தர்கூடத் தவறாத பாடத்துக்கு ஆசிரியர் எதற்கு என்று கேரியின் ஒப்பந்தத்தை அத்தோடு நிறுத்திவிட்டார்கள். கதவைத் திறந்து விளக்கைப் போடும் வேலையை இப்போது நான் பார்க்கிறேன்.

இந்தக் கதையை வருகிற போகிறவர்களிடமெல்லாம் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தேன். ஜனவரி வந்தது.

மேற்பார்வையாளர் ஆனதும் மார்லிஸ் கணினி முறை ஒன்றைக் கொண்டுவந்தாள். பிள்ளை பஸ்ஸில் ஏறிவிட்டால் நம் போனில் தெரியும். அன்றைக்கு மைனஸ் இருபத்தெட்டு. என் மகள் செம்மலரும் நானும் தெருமுனையில் பஸ்ஸுக்கு நின்றோம். மூக்கு இருக்கிறதா என்று அவள் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். போன் சிணுங்கியது. ‘உங்கள் குழந்தை பேருந்தில் ஏறிவிட்டார்.’

தெருவில் ஒரு ஈ காக்காய் இல்லை. மார்லிஸுக்குப் போன் போட்டேன்.

“மார்லிஸ், டிரூ பேசுறேன். பஸ் இன்னும் வரல.”

“வந்துட்டுப் போயிடுச்சே டிரூ. ஸ்கிரீன்ல தெரியுதே.”

“இங்கே ரோடு காலியா கெடக்கு.”

“உங்க பொண்ணு ஏறிட்டா. நாலாவது சீட்டு, ஜன்னலோரம்.”

“அவ என் கையைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறா!”

அந்தப் பக்கம் தட்டச்சுப் பலகை தடதடத்தது. பிறகு வந்த குரல் வேறு மாதிரி இருந்தது.

“ஓடுற பஸ்ஸுலேர்ந்து பிள்ளையை இறக்கினது யாரு?”

“என்னது?”

“ஏறினதுக்குப் பதிவு இருக்கு, இறங்கினதுக்கு இல்ல. அனுமதி இல்லாம இறக்கியிருக்கீங்க. இது பெரிய பாதுகாப்பு மீறல். நான் மேல எழுதினா உங்க பொண்ணுக்கு பஸ்ஸே கிடையாது. பழகின மனுஷன்னு கேக்கிறேன், சொல்லுங்க. யார் இறக்கினது?”

“அப்பா, பஸ் வரவே இல்லைன்னு சொல்லுங்கப்பா!” என்று மகள் என் கோட்டைப் பிடித்து இழுத்தாள்.

பஸ் இல்லையென்றால் தினமும் இவளைக் கொண்டுவிட்டுவிட்டு எட்டு மணிக்கு நான் எப்படி ஆய்வகத்தைத் திறப்பது? மென்று முழுங்கினேன். “யாரும் இறக்கல மார்லிஸ். பொண்ணு பஸ்லதான் இருக்கா. நான்தான் சரியாப் பாக்கல.”

“அதானே பாத்தேன்” என்றாள் நிம்மதியாக.

மகளைக் காரில் ஏற்றிப் பள்ளிக்கூடத்துக்கு ஓட்டினேன். பெற்றோர் கார் நிறுத்துகிற வாசலில் இறக்கினால் பதிவு இடிக்கும். அதனால் சுற்றிக்கொண்டு போய், பஸ் நிற்கிற பின்வாசலில் நிறுத்தினேன்.

அங்கே எனக்கு முன்னால் கார்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொரு காரிலிருந்தும் ஒரு பிள்ளை இறங்கி, பஸ் பிள்ளைகளுக்கான வரிசையில் போய் ஒழுங்காக நின்றது. பஸ் ஒன்றையும் காணோம். அப்பா அம்மாமார் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி நேராக முன்னால் பார்த்துக்கொண்டிருந்தோம். யாரும் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.