கயிற்றில் ஏறிய பாட்டில்கள்

அக்கா வீட்டு வெள்ளைப் பளிங்கு மேஜையில் தேநீர்க் கோப்பையின் அடி, பழுப்பு நிறத்தில் கச்சிதமான வட்டமாகப் பதிந்திருந்தது. ஈரத்துணிக்கு அது மசியவில்லை. எச்சிலுக்கும் மசியவில்லை.

தம்பி நகத்தாலும் சுரண்டிப் பார்த்தான். காப்பீட்டு நிறுவனத்துக்காக அடுத்தவர் வீட்டுச் சேதங்களை மதிப்பிடுவது அவன் தொழில். 'கவனக்குறைவே காரணம்' என்று கூசாமல் எழுதுகிறவன். தங்க ஓர் அறை கிடைக்கும்வரை அக்கா வீட்டில் ஒட்டிக்கொண்டிருந்தான். அவளுடைய நல்ல திரைச்சீலையை இஸ்திரி போடுகிறேன் என்று ஏற்கெனவே எரித்தாயிற்று.

வெளியூர் கிளம்பும்போது அக்கா விரலை நீட்டிச் சொல்லியிருந்தாள். "டேய், வீட்டுல வேற எத வேணா ஒடை. இந்த மேஜைக்கு மட்டும் ஏதாவது ஆச்சு, நான் யார் முகத்துலயும் முழிக்க முடியாது. நீயும் பொட்டியக் கட்டிக்க வேண்டியதுதான்."

இன்று மாலை அவள் வருகிறாள்.

பால்கனிக்கு ஓடினான். கீழ்மாடி பால்கனியில் வினிகர் ஆன்ட்டி துணி உலர்த்திக்கொண்டிருந்தார். கண்ணாடி மங்கினால், குழாயில் உப்புப் படிந்தால், எறும்பு வந்தால், துண்டு முரடானால் எல்லாவற்றுக்கும் ஒரே மருந்து சொன்னதால் குடியிருப்பு அவருக்குச் சூட்டிய பெயர் அது.

"ஆன்ட்டி, டீக்கறை போக என்ன பண்ணணும்?"

"எதுலப்பா கறை?"

மேஜை என்று சொன்னால் அக்காவின் காதுக்குப் போய்விடும்.

"தரையில."

"இதுக்கா இப்படி வேர்த்து நிக்கற? கயித்த எறக்கு."

கொடிக்கயிறு இறங்கியது. வெள்ளை வினிகர் பாட்டில் ஏறியது. கறை மேல் ஊற்றியதும் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது.

"ஆன்ட்டி, குமிழ் வருது!"

"அழுக்கு கதறுது. இரக்கப்படாத, நல்லா ஊற விடு."

ஊறவிட்டுத் துடைத்தான். கறை போயிருந்தது. கூடவே அந்த இடத்துப் பளபளப்பும் போயிருந்தது. பளிங்குக்குக் கண்ணில் புரை விழுந்த மாதிரி இருந்தது.

"அந்த எடம் மட்டும் மங்கலா இருக்கே ஆன்ட்டி?"

"மங்கலா இருந்தா உள்ள இன்னும் அழுக்கு இருக்குன்னு அர்த்தம். சமையல் சோடாவத் தூவி, மேல வினிகர ஊத்தித் தேய். நான் வேணா வந்து பாக்கட்டா?"

"ஐயோ, வேணாம்! படி ஏறினா முட்டி வலிக்கும் உங்களுக்கு."

"தங்கமான புள்ளப்பா நீ."

தங்கமான பிள்ளை தேய்த்தான். நுரை பொங்கி, மேஜையின் ஓரத்தைத் தாண்டி அவன் காற்சட்டைக்குள் புகுந்தது. துடைத்துப் பார்த்தால், கோப்பையளவு இருந்த புரை தட்டளவு ஆகியிருந்தது.

அப்போதுதான் அவனுக்குள் இருந்த மதிப்பீட்டாளன் விழித்தான். பாதி மங்கினால் சேதம். முழுவதும் மங்கினால் புது மோஸ்தர்!

"ஆன்ட்டி, மொத்தத்தையும் பண்ணிடலாம்னு பாக்கறேன்."

"சபாஷ்! அரைகொறையா வேல செய்யறவங்களக் கண்டாலே எனக்கு ஆகாது. கயித்த விடு."

இன்னும் இரண்டு பாட்டில்கள் ஏறின. அவன் மூலை முடுக்கு விடாமல் ஊற்றினான், ஊறவிட்டான், தேய்த்தான். கீழிருந்து ஆன்ட்டி உற்சாகப்படுத்தினார். "விடாத! அமுக்கு! கை வலிக்குதுன்னு பாக்காத!"

முடிந்தபோது மேஜை, எழுதி அழித்த சாக்பீஸ் பலகை போல ஒரே சீராக வெளிறிக் கிடந்தது. ஒருவிதத்தில் அழகாகத்தான் இருக்கிறது என்று தனக்குத்தானே சான்றிதழ் கொடுத்துக்கொண்டான். பிறகுதான் மூச்சை இழுத்தான். வீடு முழுவதும் வினிகர் நெடி.

"ஆன்ட்டி, வாடை தூக்குது! அக்கா வந்ததும் கண்டுபிடிச்சிடுவா."

"வீட்டு வாடைக்குக் கைகண்ட வழி ஒண்ணு இருக்கு தம்பி."

"சீக்கிரம் சொல்லுங்க."

"கொஞ்சம் வினிகர அடுப்புல கொதிக்க வை."

யோசிக்கிற நிலையை அவன் கடந்திருந்தான். கொதிக்க வைத்தான். ஆவி கிளம்பியது. சமையலறையிலிருந்து கூடம்வரை கண் எரிந்தது. மூக்கு ஒழுகியது. சுவர்க் கடிகாரத்தின் கண்ணாடியே வேர்த்தது.

வாசல் மணி அடித்தது.

அக்கா! "இப்ப எல்லாரும் இப்படித்தான் வச்சிருக்காங்கக்கா" என்று ஒத்திகை பார்த்தபடி, கண்ணீர் வழியக் கதவைத் திறந்தான்.

அக்கா இல்லை. வினிகர் ஆன்ட்டியின் வீட்டுக்காரர், செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நுனிக்காலில் நின்றிருந்தார்.

"வாங்க அங்கிள், என்ன..."

"ஷ்ஷ், மெதுவாப் பேசு தம்பி, கீழ அவளுக்குக் கேட்டுடப்போகுது! வித்துட்டேன்னு அவகிட்ட பொய் சொல்லிட்டு, அவ வினிகருக்குத் தப்பி இங்கயாவது பத்திரமா இருக்கட்டும்னு எங்கப்பாவோட பளிங்கு மேஜைய உங்க அக்காகிட்ட குடுத்து வச்சிருக்கேன்... ஒரே ஒரு தடவ ஆசையா தடவிப் பாத்துட்டுப் போயிடறேன்."