மலையை எதிர்ப்பக்கமாகச் சுற்றிய டாக்டர்

எழுபதுகளில் திருவண்ணாமலையில் வாழ்ந்த அத்தனை பேருடைய நாக்கையும் பார்த்த மனிதர் ஒருவர் உண்டு. நான் அளக்கிறேன் என்று நினைத்தால், எங்கள் ஊருக்கு வந்து என் வயதுக்காரர் யாரையாவது நிறுத்தி 'எதிர் டாக்டர்' என்று சொல்லிப் பாருங்கள். பதில் சொல்வதற்கு முன் அந்த ஆள் தன்னையறியாமல் நாக்கை நீட்டுவார்.

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருந்தது. ஆனால் அந்தப் பெயரில் கடிதம் வந்தால் தபால்காரரே என்னிடம் வந்து, "இது யாருங்க?" என்று கேட்பார்.

எங்களுடையது மண்டி வியாபாரிகள் கமிட்டி போட்டு நடத்திய தர்ம ஆஸ்பத்திரி. அவர் தலைமை டாக்டர், நான் குமாஸ்தா. சென்னையில் புரொபசர் ஆகியிருக்க வேண்டியவர், அதை உதறிவிட்டு இங்கே வந்தார். ஏன் சார் என்று கேட்டேன். "அங்க பேஷண்டுக்கு முன்னாடி பேஷண்டோட பேப்பர் வந்துடுது. மூஞ்சியப் பாக்க எவனுக்கும் நேரமில்லய்யா" என்றார்.

வந்த முதல் வாரமே, ஃபேன் போட்ட தலைமை டாக்டர் அறையைப் பிள்ளை பெற்ற பெண்களுக்குக் கொடுத்துவிட்டு, ஆஸ்பத்திரி வாசலில் போய் நின்றுகொண்டார். உள்ளே வருகிற முகத்தைப் பார்த்து, "நீ மருந்து ரூமுக்குப் போ. நீ கட்டிலுக்குப் போ. உனக்கு ஒண்ணுமில்ல, வூட்டுக்குப் போய் சாப்புடு" என்று பிரித்து அனுப்புவார். நிற்கிற மனிதருக்கு மேஜை ஏது? ஃபைல்களையெல்லாம் என் முதுகில் வைத்துத்தான் கையெழுத்துப் போட்டார். "அசையாத குமாஸ்தா, எழுத்து கோணுது" என்பார். சில நாள் ஃபைலை எடுத்துவிட்டு அதே முதுகில் காதை வைப்பார். "சளி கட்டியிருக்கு. பீடிய நிறுத்து." ஐந்து வருடம் நிறுத்தச் சொன்னார், ஆறாவது வருடம் நிறுத்தினேன்.

இதுவரைக்கும் ஊர் பொறுத்துக்கொண்டது. பொறுக்க முடியாமல் போனது அவருடைய கிரிவலம்தான்.

பௌர்ணமிதோறும் விடிந்ததும், தோளில் மருந்துப் பையோடு வெறுங்காலில் கிளம்புவார். ஊரே மலையை வலமாகச் சுற்றிக்கொண்டிருக்க, இவர் மட்டும் இடமாகச் சுற்றுவார். எட்டு மைலும் எதிர்த்திசை. "எல்லார் கூடவும் போனா முதுகைத்தானே பாத்துக்கினு போகணும்? எதுத்தாப்பல வந்தா ஊர்சனம் மொத்தத்தோட மூஞ்சியையும் ஒரே நாள்ல பாத்துடலாம்" என்பது அவர் கணக்கு. கும்பிட்டபடி வருகிற பக்தரை நடுரோட்டில் நிறுத்தி, இமையைக் கீழே இழுத்து, நாக்கை நீட்டச் சொல்லி, "சோகை. நாளைக்கு வா" என்று சீட்டுக் கொடுப்பார். சாமியைப் பார்க்கப் போனவர்கள் சீட்டோடு திரும்பினார்கள்.

அவர் மனைவி பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர், பக்தியானவர். முறைப்படி வலமாகத்தான் சுற்றுவார், தனியாக. இருவரும் கோபுர வாசலில் ஒன்றாகக் கிளம்பி, ஆளுக்கொரு பக்கம் பிரிந்து, வழியில் எங்காவது ஒரு முறை சந்தித்துக்கொள்வார்கள். டீச்சர் தூக்குப் பாத்திரத்தில் இருந்து இரண்டு இட்லி கொடுப்பார். அவர் நின்றபடி சாப்பிட்டுவிட்டு நடையைக் கட்டுவார். மறுநாள் டீச்சரைப் பார்த்தாலே போதும், எனக்குக் கூட்டத்தின் அளவு தெரிந்துவிடும். "ஆதி அண்ணாமலையில பாத்தேன்" என்றால் நோயாளி கம்மி. "குபேர லிங்கம் வரைக்கும் ஆளைக் காணோம்" என்றால் ஜாஸ்தி, ஒவ்வொருவராக நிறுத்திப் பார்த்ததில் அவர் அவ்வளவு பிந்திவிட்டார். ஒருமுறை மட்டும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "கல்யாணமாகி இத்தினி வருஷத்துல ஒரு நாளாவது சேந்தாப்பல சுத்தணும்னு ஆசை குமாஸ்தா. மலைகிட்ட கேட்டுக்கினுதான் இருக்கேன்." சிரித்தார் என்றாலும் எனக்கு மனசு சங்கடமாகிவிட்டது.

கமிட்டித் தலைவர் மணிலாக்கொட்டை, அதாவது வேர்க்கடலை, மண்டி முதலாளி. மலையை இடமாகச் சுற்றுவது மகா பாவம், அதைத் தலைமை டாக்டரே செய்தால் ஆஸ்பத்திரி விளங்குமா என்று கொதித்தார். கமிட்டி கூடித் தீர்மானம் போட்டது. தலைமை டாக்டர் வருகிற கார்த்திகை தீபத்தன்று எல்லோரும் போகும் திசையிலேயே மலையைச் சுற்ற வேண்டும், தவறினால் வேலையை விட்டுப் போக வேண்டும். அதை டைப் அடித்தவன் இந்தப் பாவிதான். தப்புத் தப்பாய் அடித்து மூன்று தாள் வீணாயிற்று. அவர் போய்விட்டால் வாசலில் யார் நிற்பது? முகத்தைப் பார்த்து யார் பிரித்து அனுப்புவது?

தீர்மானத்தை என் முதுகில் வைத்தே படித்தார். "சரி, அப்பிடியே சுத்திடறேன்" என்றார். எனக்குப் போன உயிர் வந்தது. கூடவே அழுகையும் வந்தது, இவ்வளவு சீக்கிரம் பணிந்துவிட்டாரே என்று.

தீபத்தன்று காலை. கோபுர வாசலில் கமிட்டி முழுக்க நெற்றி நிறைய விபூதியோடு காத்திருந்தது. டாக்டரும் டீச்சரும் வந்தார்கள். டாக்டர் எல்லோரும் போகும் திசையிலேயே போய் கூட்டத்துக்கு முன்னால் நின்றார். தலைவர் முகம் மலர்ந்தது. உடனே டாக்டர் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பி நின்று, டீச்சரிடம் முழங்கையை நீட்டினார். டீச்சர் பிடித்துக்கொண்டார். டாக்டர் பின்பக்கமாகவே நடக்க ஆரம்பித்தார்.

"இன்னா டாக்டர் இது?" என்றார் தலைவர்.

"நீங்க சொன்ன பக்கம்தானே போய்க்கினு இருக்கேன்?"

"மலை உங்க இடது கைப் பக்கம் இருக்கே!"

டீச்சர் திரும்பாமலே சொன்னார்: "தீர்மானத்துல கையைப் பத்தி ஒண்ணும் இல்லீங்க. எந்தப் பக்கமா போகணும்னுதான் இருக்கு. குமாஸ்தாவக் கேளுங்க."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "இல்லீங்க, கை இல்லீங்க" என்றேன்.

எட்டு மைல், ஐயா, எட்டு மைல்! "ஏங்க, பள்ளம். ஏங்க, எருமை நிக்குது, இப்பிடி வாங்க" என்று டீச்சர் ஓட்டிக்கொண்டு போக, டாக்டர் கமிட்டியின் முகங்களை விட்டுக் கண்ணை எடுக்கவேயில்லை. அக்னி லிங்கம் வருவதற்குள் பொருளாளருக்குச் சோகை என்றார். ஆதி அண்ணாமலையில் செயலாளரைப் பார்த்து, "ராத்திரி தூக்கம் வர்றதில்ல போல" என்றார். தலைவர் கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொண்டே நடந்து பார்த்தார், ஒரு கல்லில் இடித்துக்கொண்டார். "கண்ணத் தொறங்க முதலாளி. மஞ்சளா இருக்குதே, எத்தினி நாளா?" என்றார் டாக்டர். "பத்து நாளா பசியே இல்ல டாக்டர்" என்று சொல்லும்போதே முதலாளியின் குரல் இறங்கிவிட்டது.

மறுநாள் காலை எங்கள் வாசலில் முதல் ஆளாக நின்றவர் முதலாளிதான். மஞ்சள் காமாலை. மூன்று வாரத்தில் எழுந்து உட்கார்ந்தவர் என்னைக் கூப்பிட்டுத் தீர்மானத்தை ரத்து செய்யச் சொன்னார். "அவரு பழையபடி எதுத்தாப்பலயே வரட்டும்யா. முன்னாலயே மூஞ்சியப் பாத்துக்கினு வந்தா மனுசன் எப்பிடி சாமி கும்பிடறது?"

ஓடிப்போய் டாக்டரிடம் சொன்னேன். அவர் கொஞ்சம் கூச்சப்பட்டார். அவர் கூச்சப்பட்டு நான் பார்த்தது அந்த ஒரு தடவைதான்.

"இல்ல குமாஸ்தா, இப்பிடியே போயிடறேன். டீச்சர் கையை விடமாட்டேங்கறாங்க."

அதற்குப் பிறகு அவர் வேலையில் இருந்த வரைக்கும், பௌர்ணமிதோறும் கூட்டத்துக்கு முன்னால் பின்பக்கமாகவே நடந்தார். பக்கத்தில் டீச்சர் முழங்கையைப் பிடித்தபடி பள்ளம் மேடு சொல்லிக்கொண்டே போவார். இன்று இருவருமே இல்லை.

நான் இப்போதும் கிரிவலம் போகிறேன். லட்சக்கணக்கில் ஜனம் வருகிறது, முன்னால் முழுக்க முதுகுகள்தான். குபேர லிங்கம் தாண்டும்போது கால் வலித்து ஒரு நிமிஷம் நின்றால், எனக்கு நாக்கை நீட்ட வேண்டும் போலிருக்கும்.